ஜட்ஜம்மா கண்ட மஞ்சள்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜட்ஜம்மா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஓட்டல்களிலிருந்து வரும் வெள்ளை விரிப்புகள் துவைத்து, உலர்ந்து, கடைசியாக அவளுடைய நீள மேசைக்கு வந்து சேரும். ஒவ்வொன்றையும் உதறி விரித்து ஒரு பார்வை பார்ப்பாள். நன்றாக இருந்தால் மடிக்கிற பெண்களிடம் போகும். இல்லாவிட்டால் பக்கத்துக் கூடைக்குள் விழும். கூடையில் விழுந்தது மறுபடி மெஷினுக்குப் போக வேண்டியதுதான், அப்பீல் கிடையாது.

கண் என்றால் அப்படியொரு கண். வீட்டுக்காரர் சட்டையில் ஒட்டிய எண்ணெய்த் துளியை வைத்தே அவர் எந்தக் கடையில் நின்று என்ன தின்றார் என்று சொல்லிவிடுவாள். பாவம், அந்த மனிதர் வெளியில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

போன வருடம் நெஞ்சு படபடக்கிறதென்று டாக்டரிடம் போனாள். தினமும் ஒரு சின்ன மாத்திரை போடச் சொன்னார். ஒழுங்காகப் போட்டாள், நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் இருமல் பிடித்தது. இதற்கெல்லாமா டாக்டர் என்று மருந்துக்கடையில் கேட்டு ஒரு பட்டை மாத்திரை வாங்கி விழுங்கினாள். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கடைக்காரர் கேட்கவில்லை, இவளும் வாயைத் திறக்கவில்லை. இருமல் போன இடம் தெரியவில்லை. ஆனால் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. கூடவே விரிப்புகள் மஞ்சளாக வரத் தொடங்கின.

முதலில் நாலைந்துதான் கூடைக்குப் போயின. பிறகு கூடை நிரம்பி வழிந்தது. மெஷின்காரன்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது. நாற்பது வயதுக்காரன், வாய் கொஞ்சம் நீளம், பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். சோப்புத்தூளில் கை வைக்கிறான் என்று நினைத்தாள். அவன் தூளைக் கூட்டினான், தண்ணீரின் சூட்டைக் கூட்டினான். துணி நைந்ததே தவிர ஜட்ஜம்மாவுக்கு வெளுக்கவில்லை.

மடிக்கிற பெண்களுக்கு எல்லாம் வெள்ளைவெளேரென்றுதான் தெரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு ஜட்ஜம்மா கண்ணுக்குத் தெரிகிறது போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். பேர் வாங்கிய கண்ணுக்கு இதுதான் தொல்லை, கெட்டுப்போனாலும் எடுத்துச்சொல்ல ஆளிருக்காது.

துணி நேரத்துக்கு வரவில்லை என்று ஓட்டல்காரர்கள் சத்தம் போட, முதலாளி வந்து காரணம் கேட்டார். மெஷின்காரன் வேலை சுத்தமில்லை என்றாள். அப்படியானால் சனிக்கிழமையோடு அவனை அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

விஷயம் அவன் காதுக்கு எட்டியது. மறுநாள் காலையில், துவைத்த விரிப்புகளோடு ஒன்றைச் சொருகி அனுப்பினான். ஜட்ஜம்மா உதறினாள், பார்த்தாள், கூடையில் போட்டாள்.

"அக்கா, அது இன்னும் தண்ணியே படாத புதுத்துணி. இப்பதான் பாக்கெட்டைப் பிரிச்சேன்" என்றான் அவன். "உங்களுக்குக் காமாலைக் கண்ணு. என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு நேரா சொல்லிடுங்க."

மனசில் வன்மம் வைத்துக்கொண்டு எதையும் கோணலாகப் பார்க்கிறாள் என்றுதான் அவன் சொன்னான். வன்மக்காரி என்றதைக்கூட அவள் பொறுத்திருப்பாள், கண்ணைச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. காமாலையா இல்லையா என்று பார்த்துவிடலாம், இல்லை என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்கி இவன் மூஞ்சியில் விட்டெறியலாம் என்று அப்போதே கிளம்பிவிட்டாள்.

டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். காமாலைக்கான அறிகுறி எதுவும் இல்லை என்றார். ஜட்ஜம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எழுந்தவள் சும்மா போயிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. உங்க கோட்டை யார்கிட்ட துவைக்கப் போடறீங்க? இப்படி மஞ்சளடிச்சுக் கெடக்கே."

டாக்டர் குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். "இது இன்னிக்குத்தான் புதுசா போட்டதும்மா. கொஞ்சம் உக்காருங்க. என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

இருமல் மாத்திரை விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அது நெஞ்சு மாத்திரையை உடம்பைவிட்டுப் போகவிடாமல் தேக்கிவிட்டது என்றார். அப்படி அளவு மீறினால் குமட்டும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும், விட்டால் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிவிடும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார். கண் தெளியக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். வீட்டுக்காரர் அவள் உயிரை நினைத்து வெலவெலத்துப் போனார். அவளோ சனிக்கிழமையை நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வெள்ளையை மஞ்சளென்று சொல்லி, ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கப் பார்த்தேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் வெளியே விட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்ற வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு நேரே சலவைக்கூடத்துக்கு வந்தாள். எல்லார் முன்னாலும் முதலாளியிடம் சொன்னாள். "தப்பு இவன்மேல இல்லைங்க. என் கண்ணுமேல."

கண் தெளிகிற வரைக்கும் மேசையில் யார் நிற்பது என்று முதலாளி கேட்டார். நானேதான் என்றாள். ஆனால் மெஷின்காரன் பக்கத்தில் நிற்கட்டும், அவன் சொல்வதுதான் தீர்ப்பு என்றாள். அவன் துவைத்ததற்கு அவனே தீர்ப்பா என்று மடிக்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பித்தது. அவள் உதறி விரித்தாள். அவன் வெள்ளை என்றான், மடிக்கப் போனது. அடுத்ததும் வெள்ளை, அதற்கடுத்ததும் வெள்ளை. பிறகு ஒன்றை விரித்தபோது அவன் குனிந்து அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"இதைக் கூடையில போடுங்கக்கா. இது மஞ்சள்தான். அவசரத்துல நான் சரியா அலசல."

அவள் அந்த விரிப்பையும் பார்த்தாள், முன்னால் போனதையும் பார்த்தாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அவன் சொன்னபடி கூடையில் போட்டாள். அப்போது கண்ணில் தண்ணீர் வந்ததே என்று மடிக்கிற பெண்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். அதெல்லாம் அந்த மாத்திரை பண்ணின வேலை என்கிறாள்.