இருநூறு, நூறாகத் தெரிந்த கணம்

சாயப் பாத்திரத்தின் மூடியை எப்போது திறக்கலாம் என்று சொல்வதுதான் நாங்கள் செய்த பெட்டியின் வேலை. மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் சாலையில் உள்ள ஒரு பாலியெஸ்டர் நூல் சாயப்பட்டறைக்காகச் செய்தோம். உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடி திறந்தால், முன்னால் நிற்பவர் வெந்துபோவார். திரையில் நூறு என்று வந்தால் உள்ளே இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான் என்று பொருள். அப்போது பச்சை விளக்கு எரியும், பூட்டு தானாக விடுபடும்.

சென்சாரைத் தொட்டுப் பேசும் உரிமை கெர்னலுக்கு மட்டுமே. அதுதான் இயக்க மென்பொருளின் உட்கரு. திரையையும் பூட்டையும் பார்த்துக்கொள்வது வெளியே ஓடும் சாதாரண நிரல். இரண்டுக்கும் நினைவகம் தனித்தனி. கெர்னல் ஒவ்வொரு அளவையும் பிரதி எடுத்து நிரலிடம் கொடுப்பதுதான் வழக்கம். எங்கள் போர்டு மலிவானது என்பதால் அந்தச் செலவைத் தவிர்க்க, நினைவகத்தில் ஒரு பக்கத்தை இரண்டுக்கும் பொதுவாக்கியிருந்தோம். கெர்னல் அதில் எழுதும், நிரல் அதைப் படிக்கும். ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாது.

சிக்கல் அங்கேதான். எண் இலக்கம் இலக்கமாக எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் 199 இருக்கிறது. நிரல் முதல் இலக்கமான ஒன்றைப் படித்துவிட்டது. அந்த நொடித்துகளில் கெர்னல் குறுக்கிட்டு 200 என்று எழுதுகிறது. நிரல் மீதியைப் படிக்கிறது: சைபர், சைபர். அதன் கணக்கில் அழுத்தம் நூறு.

அலுவலகத்தில் ஒரு முறை திரை அப்படிக் கண்சிமிட்டியதைப் பார்த்தேன். காரணம் தேட, படிக்கும் ஒவ்வொரு அளவையும் லாக் எனும் பதிவுக் கோப்பில் எழுதும் ஒரு வரியைச் சேர்த்தேன். உடனே சிக்கல் மறைந்தது. அந்த வரி நிரலைத் தாமதப்படுத்தியதில் படிப்பதும் எழுதுவதும் மோதாமல் விலகிப் போயின. அவ்வளவுதான், எதுவும் சரியாகவில்லை. ஆனால் எங்கள் குழுத் தலைவருக்கு அதுவே போதுமாக இருந்தது. கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்:

"லாக் இருந்தா ஓடுது இல்ல? அப்போ லாக் இருக்கட்டும். சும்னே பயப்படாதம்மா. டெமோ முடியட்டும், ஆமேலே பாக்கலாம்."

டெமோ நாளன்று பாத்திரம் சூடேறிக்கொண்டிருந்தது. பட்டறை முதலாளி திரையின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தை ஓட்டுபவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அனூர் பக்கத்துத் தமிழர், என் அப்பா வயதுக்குக் கொஞ்சம் இளையவர். மூடியின் கைப்பிடியைப் பிடித்தபடி சாய்ந்து நின்றார். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்களாம். விளக்கைப் பார்ப்பதில்லை, பூட்டின் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள்.

"கிளிக்குன்னா ஒரே இழுப்பு, அவ்வளவுதேன்," என்றார் என்னிடம்.

மடிக்கணினியைப் பார்த்தேன். லாக் நின்றிருந்தது.

"லாக் ஏன் ஓடலை சார்?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"நான்தான் நிறுத்தினேன். மெமரி கார்டு நிறைஞ்சு நடுவுல ஹேங் ஆச்சுன்னா? ஓனர் பாத்துட்டு இருக்காரு."

எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் மனம் நிலைக்கும். லாக் இல்லை. நிரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது. திரையில் 197. பாத்திரம் நிலைகொள்ள வேண்டிய அழுத்தம் இருநூறு. அங்கே போனதும் எண் 199க்கும் 200க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கைப்பிடியில் ஒருவருடைய கை.

"அண்ணா, கையை எடுங்க. இந்தப் பக்கம் வாங்க."

"ஏனுங் அம்மிணி, எங் கை பட்டா உங்க பெட்டி கோவிச்சுக்குமா?"

முதலாளி சிரித்தார். தலைவர் என் பக்கம் குனிந்து, "சும்னிரும்மா, மானம் போகுது," என்றார்.

198.

நிரலை நிறுத்தினால் பூட்டு என்ன செய்யும் என்று நாங்கள் சோதித்ததே இல்லை. அதனால் விசைப்பலகையைத் தொடவில்லை. எழுந்து போய் அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். தடுமாறி என்மேல் சாய்ந்தார். "அட, என்ன அம்மிணி இது—"

199. 200. 199. பிறகு 100. பச்சை விளக்கு. கிளிக்.

மறுபடியும் 200, சிவப்பு, பூட்டு விழுந்தது. பாத்திரத்தின் பக்கவாட்டில் இருந்த பழைய முள் அழுத்தமானி அசையவே இல்லை.

என் பிடியில் இருந்த அவருடைய கை, கிளிக் சத்தத்துக்கு முன்னோக்கித் துள்ளியதை உணர்ந்தேன். அவரும் உணர்ந்திருப்பார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இழுத்துருப்பன்," என்றார். முதலாளி எழுந்து நீராவியை நிறுத்தச் சொன்னார்.

திருத்தம் சிறியதுதான். பொதுப் பக்கத்தில் கவுண்டர் எனப்படும் ஓர் எண்ணியைச் சேர்த்தேன். எழுதத் தொடங்கும்போது ஒன்று, முடித்ததும் ஒன்று என்று கெர்னல் அதை உயர்த்தும். நிரல் படிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணியைப் பார்க்கும். மாறியிருந்தாலோ, எழுதும் வேலை பாதியில் நின்றிருந்தாலோ, படித்ததை எறிந்துவிட்டு மறுபடி படிக்கும். ஒரே ஓர் அளவை நம்பிப் பூட்டைத் திறப்பதையும் நிறுத்தினேன். தொடர்ந்து பல அளவுகள் ஒத்துப்போக வேண்டும். லாக் வரியை நீக்கிவிட்டுத்தான் எல்லாவற்றையும் சோதித்தேன்.

இரண்டாம் முறை பட்டறைக்குப் போனபோது, இயந்திரத்தை ஓட்டுபவர் கைப்பிடிக்கு எட்டாத தூரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எண் இருநூறில் வெகுநேரம் ஊசலாடியது, பூட்டு அசையவில்லை. நீராவியை வெளியேற்றினார்கள். 140, 115, 100. கிளிக்.

அவர் நகரவில்லை. "சரியாயிருச்சுன்னு சொன்னீங்கல்ல? நீங்களே தொறங்க."

தலைவர் ஏதோ சொல்ல வந்தார். நான் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். இரும்பு சூடாக இருந்தது. எண்ணி, மறுபடி படித்தல், தொடர் அளவுகள் என்று மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். விட்டுப்போனது எதுவும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது. இழுத்தேன்.

மூடி பாதி நகர்ந்து நின்றது. சாய வாடையோடு கொஞ்சம் ஆவி மெதுவாக மேலே போனது.

"பலமே இல்லியே," என்று சொல்லிக்கொண்டு அவர் வந்தார். "தள்ளுங்க அம்மிணி." என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து, மீதியை அவரே இழுத்தார்.