போடாத பாட்டு

பிங்கோ அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அந்த வட்டாரத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். தெருநாய் திரும்பிப் பார்த்தாலே எதிர்ச் சாரிக்குப் போய்விடுவாள். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று தானே முடிவு கட்டி, பாதி அழுகையை முடித்துவிட்டுத்தான் ஹலோ என்பாள். இப்படிப்பட்டவள் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டால் கூடம் நிறைய ஆட்களைக் கட்டி மேய்த்துவிடுவாள் என்பதை அவள் புருஷனாலேயே நம்ப முடிந்ததில்லை. அவர் தச்சர், அதிகம் பேசாதவர். வீட்டில் பல்லியைப் பார்த்துக் கத்துகிறவள் அங்கே போய் எப்படித்தான் நிற்கிறாளோ என்று மட்டும் அவ்வப்போது வியந்துகொள்வார்.

முன்பு ஒரு பல் மருத்துவரிடம் நோயாளிகளின் பேரைக் கூப்பிடும் வேலையில் இருந்தாள். கணீரென்ற குரல். கூட வேலை பார்த்தவளின் பிறந்தநாளுக்கு யாரோ விளையாட்டாகப் பாட்டு பிங்கோ நடத்தச் சொல்ல, அது பிடித்துக்கொண்டது. கார்டில் எண்களுக்குப் பதில் பாட்டுகள் இருக்கும். பாட்டின் முதல் வரியைப் போட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது என்று, ஜனங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே அச்சடித்து வைத்திருந்தாள்: ரயில் பாட்டு, குடைப் பாட்டு, கோவிச்சுக்கிட்டுப் போற பாட்டு. ஸ்பீக்கரில் ஆரம்ப இசையை மட்டும் கொஞ்சம் ஓடவிடுவாள். எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்து, அது தங்கள் கார்டில் இருந்தால் பென்சிலால் அடித்துக்கொள்ள வேண்டும். குறுக்கே ஒரு வரிசை முழுதாக அடிபட்டவர் பிங்கோ என்று கத்தலாம். அக்கா போய்ச் சரிபார்த்துப் பரிசைக் கொடுப்பாள்.

அவளிடம் சொத்து என்று இருந்தது ஒன்றுதான், கை சுத்தம் என்ற பேர். அடுத்த பாட்டு எது என்பதை லேப்டாப் தன் இஷ்டத்துக்குக் குலுக்கி எடுக்கும். அவள் குறுக்கே போகமாட்டாள். ஒரு நகைக்கடைக்காரரின் மனைவி தன் பிள்ளைக்குப் பரிசு விழும்படி செய்யச் சொல்லிக் கண்ணடித்தபோது, முடியாதும்மா என்று சொல்லிவிட்டு, ஐயோ பெரிய இடத்தைப் பகைத்துக்கொண்டோமே என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். பயந்தாங்கொள்ளிதான், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வளைய மாட்டாள்.

அப்படி இருந்தவளைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெயின்ட் ஆலை மேலாளர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்ததாம். அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வீடு பளபளவென்று இருந்தது. செருப்புகள்கூட வாசலில் ஜோடி ஜோடியாக வரிசையில் நின்றன. மேலாளர் மெல்லிய குரலில் பேசுகிறவர், எல்லோரையும் வாங்க போங்க என்கிறவர். ஸ்பீக்கரை எங்கே வைக்கலாம் என்று அவரே வந்து இடம் காட்டினார். அக்காவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. முதலாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கர் வயர் எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டி கேட்கச் சமையலறைக்குப் போனாள். மேலாளரின் மனைவி ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தவள், கையை விடாமல் அதன் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மொத பரிசு அவருக்கே வர்ற மாதிரி பண்ண முடியுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் மேல் அவ்வளவு ஆசையா என்று கேலி செய்தாள். அவள் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆசையெல்லாம் இல்லக்கா. போன தடவ எல்லார் முன்னாடியும் கேரம்ல தோத்துட்டாரு. வந்தவங்க போற வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு."

அக்காவும் கதவைப் பார்த்தாள். தச்சர் பெண்டாட்டியின் கண் சும்மா இருக்குமா? கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. இருந்ததைக் கழற்றி, திருகாணித் துளைகளில் மெழுகு அடைத்து, மேலே பெயின்ட் பூசியிருந்தது. வரும் வழியில் குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள அந்த வீட்டில் ஓர் இடம்கூட இல்லை என்று விளங்கியது. வயரும் பெட்டியும் அப்படியே கிடக்கட்டும் என்று ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஓடவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வயரைச் செருகிவிட்டு, லேப்டாப்பின் குலுக்கலை முதல் முறையாக நிறுத்தினாள்.

மைக்கோடு நடந்துபோகிற சாக்கில் மேலாளரின் கார்டை எட்டிப் பார்த்துக்கொண்டாள். நடு வரிசையில் ரயில், குடை, ஊஞ்சல், கடிதம், நிலா. வாய் அதுபாட்டுக்கு வழக்கமான வேடிக்கைகளைப் பேசிக்கொண்டிருந்தது. கை அந்த ஐந்தையும் தேடிக்கொண்டிருந்தது.

ரயில் பாட்டைப் போட்டாள். கூடமே குனிந்து அடித்தது. மேலாளர் அடிக்கவில்லை. பென்சிலைத் தாடையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். சரி, கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று குடைப் பாட்டைப் போட்டு, வழக்கத்தைவிட நீளமாக ஓடவிட்டாள். அதற்கும் சிரிப்புதான். நிலாப் பாட்டுக்குக் குரல் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் விட்டாள். இன்னிக்கு ரொம்ப ஈஸியா இருக்கே என்று ஒரு மூலையில் யாரோ சொன்னார்கள். மேலாளரின் பென்சில் அசையவில்லை.

அக்காவுக்கு வியர்த்துவிட்டது. இந்த மனுஷனுக்குப் பாட்டு ஞானம் பூஜ்யம் என்று இப்போதுதானா தெரிய வேண்டும்? ஊட்டிவிட்டாலும் முழுங்கத் தெரியாதவரை எப்படி ஜெயிக்க வைப்பது? யாராவது முந்திக்கொண்டு கத்திவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர் மனைவி தட்டோடு வந்து ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவரின் கார்டைக் கடக்கும்போது மட்டும் அவள் நடை கொஞ்சம் நின்று போயிற்று. வெறும் கார்டைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்ததை அக்கா கண்ணால் கண்டாள்.

நடுவில் சந்தேகம் வரக்கூடாதே என்று அவர் கார்டில் இல்லாத படகுப் பாட்டை ஓடவிட்டாள், பிறகு கடிதப் பாட்டை. அப்போதுதான் மேலாளர் குனிந்து மளமளவென்று அடிக்க ஆரம்பித்தார். ஊஞ்சல் பாட்டு ஒன்றுதான் பாக்கி. அதைத் தேடிக் கையை வைக்கப்போன நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"பிங்கோ."

கத்தவில்லை. சொன்னார், அவ்வளவுதான். கூடம் அடங்கிவிட்டது.

சரிபார்க்கப் போனாள். ஒவ்வொரு கட்டமாகச் சத்தமாகப் படிக்க வேண்டும், அது அவளே போட்ட சட்டம். ரயில் என்றாள், ஆமாம் என்றார்கள். குடை என்றாள், ஆமாம் என்றார்கள். ஊஞ்சல் என்றதும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அந்தப் பாட்டு இன்னும் வரவில்லை. முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அடுத்த மாதம் தன் மகள் பிறந்தநாளுக்கு நீங்கதான் வரணும் என்று சற்று முன்புதான் அக்காவிடம் நாள் சொல்லியிருந்தவர். மேலாளரின் முகத்தைப் பார்த்ததும் எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

சமையலறை வாசலில் தட்டு லேசாகக் கிணுகிணுத்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அது யார் கைத் தட்டு என்று அவளுக்குத் தெரிந்தது.

"தப்பு என்மேலதாங்க. படகுன்னு இருக்க வேண்டிய கட்டத்துல ஊஞ்சல்னு அச்சாயிடுச்சு. சாருக்குத்தான் பரிசு."

அப்பாடா என்று கூடமே கை தட்டியது. மேலாளர் தன் காசிலேயே வாங்கிய சூட்கேஸைத் தானே பரிசாகப் பெற்றுக்கொண்டு, அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். அக்காவுக்கு இத்தனை வருஷம் காப்பாற்றிய பேரை ஒரு பொய்யில் தொலைத்தோமே என்று உறுத்தியது. ஆனால் வாசலில் அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, போகட்டும், இன்று ஒரு நாள் அவளுக்கு நல்லபடியாகக் கழியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

விருந்தாளிகள் ஐஸ்கிரீம் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா முன்னறையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேலாளர் வந்து தரையில் கிடந்த வயரை எடுத்து, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சீராகச் சுற்றத் தொடங்கினார். நீங்க எதுக்கு சார் என்று அவள் பதறினாள்.

"ஊஞ்சல் பாட்டு வயலின்ல ஆரம்பிக்கும். படகுப் பாட்டு புல்லாங்குழல். எனக்கு ரெண்டுமே நல்லாத் தெரியும்" என்றார்.

அவள் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அவர் சுற்றிக்கொண்டே பேசினார். அவள் கார்டை எட்டிப் பார்த்ததைக் கவனித்துத்தான் ரயில் பாட்டை அடிக்காமல் விட்டாராம். அடுத்ததும் தன் வரிசையிலிருந்தே வந்தபோது, பார்க்கலாமே என்று பென்சிலைச் சும்மா வைத்துக்கொண்டாராம். அடிக்காமல் இருக்க இருக்கப் பாட்டு நீண்டுகொண்டே போனது வேடிக்கையாக இருந்ததாம். கடைசியில் வராத பாட்டை அடித்துப் பார்த்தாராம். யாராவது ஒருத்தராவது சொல்கிறார்களா என்று பார்த்தாராம்.

வயரைச் சுற்றி முடித்து அவள் கையில் கொடுத்தார்.

"நான் ஜெயிக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

சமையலறை அவளுக்கு வலது பக்கம் இருந்தது. அங்கே குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் கண் போய்விடக்கூடாது என்று அவருடைய சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள். உயிருக்குப் பயந்தவள்தானே, ஒரு நொடி சொல்லிவிடவும் தோன்றியது. உங்க வீட்டம்மாதான் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேரும் தப்பும், தொழிலும் தப்பும். சாமான் ஏற்ற வெளியே வேன் நிற்கிறது, ஏறிப் போய்விடலாம். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது. உள்ளே இருப்பவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அக்காவுக்குப் புரிந்தது.

"யாரும் சொல்லல சார். எல்லா வீட்லயும் நான் அப்படித்தான் பண்ணுவேன். கூப்புட்டவங்க ஜெயிச்சாத்தானே அடுத்த தடவையும் கூப்புடுவாங்க."

"எல்லா வீட்லயுமா?"

"எல்லா வீட்லயும்தான்."

அவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. அப்படியானால் அதை உள்ளே வந்து எல்லோரிடமும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், பாவம், அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றார். தாழ்மையாகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

மைக் இல்லாமல் கூட்டத்தின் முன்னால் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. ஐஸ்கிரீம் கிண்ணங்களோடு எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சொன்னாள். தான் போகிற வீடெல்லாம் இப்படித்தான் ஏமாற்றுவதாக, இன்றைக்கும் ஏமாற்றியதாக, கணீரென்ற அந்தக் குரல் கம்மிப்போய்ச் சொல்லி முடித்தாள். கண்ணாடிக்காரர், பிறந்தநாளுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கறோம் என்று கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவமானத்தில் அக்காவுக்குக் காது அடைத்தது.

அப்போது சமையலறையிலிருந்து மேலாளரின் மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தாள். நேராக அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"உங்கள நம்பித்தானே வீட்டுக்குள்ள விட்டோம். இப்படியா பண்ணுவீங்க? வெக்கமா இல்ல?"

குரல் உடைந்தது. கூட்டம் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நல்லாத் திட்டும்மா, இன்னும் சத்தமாத் திட்டு, நிறுத்திடாத என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினாள். அந்தப் பெண்ணும் நிறுத்தவில்லை. திருட்டுத்தனம் என்றாள், இனிமேல் இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது என்றாள், தெரிந்த எல்லோரிடமும் சொல்லிவைப்பேன் என்றாள்.

அக்கா துணிந்து கண்ணை உயர்த்தி மேலாளரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கதவில் சாய்ந்துகொண்டு, அதே சிரிப்போடு, தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.