புது அண்டெனாவும் ஆறுமுகம் அண்ணனின் குரூப்பும்

கார் ரேடியோ தொழிலில் பாட்டு நன்றாகக் கேட்டால் அது ரேடியோவின் பெருமை, இரைச்சல் கேட்டால் அது கடைக்காரனின் குற்றம். கடை வைத்துத் திட்டு வாங்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா! கிள்ளானில் பதினெட்டு வருடமாகச் சம்பாதித்த பெயர் ஒரே ஒரு அண்டெனாவால் என்ன பாடு பட்டது என்று கேளுங்கள்.

நன்றாகத்தான் பாடியது

பண்டமாரானில் இருக்கும் ஆறுமுகம் அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். வண்டியில் நாள் முழுக்கத் தமிழ் ரேடியோ ஓடியாக வேண்டும். கார் கழுவுகிற இடத்தில் அண்டெனா ஒடிந்துபோய் என்னிடம் வந்தார். கண்ணாடி ஓரத் தூணில் இழுத்து நீட்டுகிற பழைய மாதிரி உலோகக் கம்பி. புதிது மாட்டி, ஒவ்வொரு நிலையமாகத் திருப்பிக் காட்டித்தான் அனுப்பினேன். கணீரென்று கேட்டது.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. எந்த நிலையமும் எடுக்கவில்லையாம், ஒரே இரைச்சலாம். எங்காவது இடித்ததா, தண்ணீர் போனதா, யாராவது கை வைத்தார்களா என்று பொறுமையாகத்தான் கேட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஒண்ணுமே செய்யல பாஸ், நீங்க மாட்டுனதே ரோசாக், கெட்டுப்போன சாமான், அவ்ளோதான்லா!"

முதலில் வந்தது படம்

காரைக் கொண்டு வாருங்கள் என்றேன். கார் வருவதற்குள் என் கடைப் பலகையின் படம் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. கீழே, 'இங்க போகாதீங்க, மட்டமான சாமான்.' என் வாடிக்கையில் பாதிப்பேர் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டுவிட்டுப் போட்டிருக்கக் கூடாதா? அன்று சோறு இறங்கவில்லை எனக்கு.

சுபாங் ஜெயாவில் கார் ஓட்டும் கலா, எதற்கும் என் கடைக்குத்தான் வருவாள். ரிவர்ஸ் கேமரா மாட்ட நாள் குறித்திருந்தவள், கூப்பிட்டு வரவில்லை என்றாள்.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள், குரூப்ல பாத்ததுக்கு அப்புறம் பயமா இருக்குலா."

டேஷ்போர்டைப் பிரித்த சனிக்கிழமை

கடைசியில் அண்ணன் வந்தார். வந்த வேகத்தில் நான் டேஷ்போர்டைப் பிரித்துவிட்டேன். ரேடியோவின் பின்பக்கப் பிளக் இறுக்கமாக இருந்தது. வயரில் வெட்டு இல்லை, எர்த் சரியாக இருந்தது. கடையில் சோதனைக்கென்று வைத்திருக்கும் அண்டெனாவைச் செருகினேன். எல்லா நிலையமும் பளிச்சென்று வந்தது. அப்படியென்றால் நான் மாட்டியதுதான் கோளாறு! அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

வெட்கத்தோடு வெளியே போய் அண்டெனாவைக் கழற்றக் குனிந்தேன். அதன் அடியில் மெல்லிய செம்புக் கம்பி நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. அதன் முனை தூணின் திருகாணியில் முறுக்கியிருந்தது. இடுக்கில் காய்ந்த சாமந்தி இதழ்கள். கம்பி காரின் உடம்பைத் தொட்டால் அண்டெனா பிடித்ததெல்லாம் ரேடியோவுக்குப் போகாமல் அங்கேயே இறங்கிவிடும். இதை முதலில் பார்க்காமல் டேஷ்போர்டைப் பிரித்த என் புத்தியையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டேன். அண்ணன் புதிதாக எது வாங்கினாலும் பூஜை போடுகிறவராம். பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை வாங்கி அண்டெனாவுக்குச் சாத்தி, ஹைவே காற்றில் பறந்துவிடாமல் கம்பியால் கட்டியிருக்கிறார். அன்று காலையில்தான் வாடிய மாலையை எடுத்தாராம், கம்பியை விட்டுவிட்டாராம். ஒன்றுமே செய்யவில்லை என்று சத்தியம் செய்தீர்களே அண்ணே என்று கத்தினேன்.

"அது சாமி காரியம் பாஸ், அதையெல்லாமா கேட்டீங்க?"

திருத்தம்

குறட்டால் கம்பியை வெட்டினேன். ரேடியோ மறுபடி கணீரென்று பாடியது. குரூப்பில் உண்மையைப் போட்டால்தான் சாவியைத் தருவேன் என்றேன். உடனே எழுதினார், எனக்குக் காட்டாமலே அனுப்பியும் விட்டார். 'கடைக்காரர் நல்லவர்தான். ஆனா மாலை போட்டா அவர் அண்டெனா வேலை செய்யாது.'

முன்பாவது மட்டமான சாமான் விற்கிறவன் என்ற பெயரோடு போயிருக்கும். படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது கலாவிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"என்னா அங்கிள், சாமிக்கே ஆகாத சாமானையா விக்கிறீங்க?"

ஆகவே சகோதரர்களே, இப்போதெல்லாம் அண்டெனா மாட்டிய கையோடு, வெறும் நூலில் கட்டிய மாலை ஒன்றையும் நானே போட்டு அனுப்பிவிடுகிறேன்.