பத்திரிகை வைத்த ஸ்பெயின்காரர்

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஸ்பெயின்காரர் நாற்பது வருஷம் பத்திரிகையாளராக இருந்தவர். முதலில் செய்தி எழுதினார். பிறகு காலை ரேடியோவில் கருத்து சொன்னார். அப்புறம் டிவி விவாதங்களில் உட்கார்ந்து அந்த ஊர்ப் பிரதமர்களை வறுத்தெடுத்தார். அதனால் இரண்டு தடவை வேலை போயிருக்கிறது. ஓய்வு பெற்றதும் மௌனம் தேடித் திருவண்ணாமலைக்கு வந்தாராம். மௌனமாவது மண்ணாங்கட்டியாவது! ஆட்டோக்காரர் திருப்பும் திருப்பத்திலிருந்து என் வேட்டிக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் ஒரு விமர்சனம் வைத்திருப்பார். சட்னியில் காரம் ஜாஸ்தி என்று என் மனைவியிடமே சொன்ன ஒரே ஆம்பளை அவர்தான். எனக்கு அந்தத் துணிச்சல் இன்னும் வரவில்லை.

தமிழும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டார். 'பத்திரிகையாளர்' முழுசாக வாயில் நுழையாததால் "நான் பத்திரிகை" என்றுதான் தம்மை அறிமுகம் செய்துகொள்வார்.

இந்த வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் கூடியது. பெண் பார்க்க வந்தவர்கள் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். வேங்கிக்காலில் இருக்கும் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, நான் அதை வாட்ஸ்அப்பில் சொன்னேன். புத்தி கெட்ட வேலை. தாய்மாமன் கைப்பிடித்துத்தான் எங்கள் பெண்கள் மணவறைக்கு வர வேண்டும். அப்பேர்ப்பட்டவனுக்கு வாட்ஸ்அப்பா? "ஃபோன்ல சொன்ன கல்யாணத்துக்கு ஃபோன்லயே அட்சதை போட்டுக்கறேன்" என்று ஒரு வரி அனுப்பினான். அதோடு பேச்சு நின்றது. தட்டில் பழம், பாக்கு, பத்திரிகை வைத்துக்கொண்டு இரண்டு தடவை போனோம். கதவு திறக்கவில்லை.

"என் தம்பி வராம இந்தக் கல்யாணம் நடக்காதுங்க, சொல்லிட்டேன்" என்று மனைவி அழுதாள். மாடிப்படியில் நின்று ஸ்பெயின்காரர் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆளைக் காணோம். பேச மறுப்பவர்களைப் பேச வைப்பதுதானே தம் பிழைப்பு என்று, எங்களிடம் மூச்சுவிடாமல், பழத்தட்டோடு ஆட்டோ பிடித்து வேங்கிக்காலுக்குப் போயிருக்கிறார். இது பிறகு தெரிந்தது. கதவைத் தட்டி, "நான் பத்திரிகை. உங்க அக்கா வீடு" என்றிருக்கிறார். வெள்ளைக்காரரைக் கண்டதும் மச்சான் அசந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டான். "பத்திரிகை எங்க?" என்று கேட்டிருக்கிறான். அத்தாட்சி கேட்கிறான் என்று நினைத்து இவர், எப்போதும் பையில் வைத்திருக்கும் தம் பழைய கட்டுரையின் நறுக்கை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார். மேலே ஸ்பானிஷில் கொட்டை எழுத்து. நடுவில் கோட் சூட்டில் இவர் படம்.

அரை மணி நேரத்தில் எங்கள் வாசலில் பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மச்சான். பின்னால் ஸ்பெயின்காரர், மடியில் பழத்தட்டு.

"ஏன் மாமா, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று மச்சான் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது. "எங்கக்கா பொண்ணுக்கு இந்தக் கிழவன்தான் கெடச்சானா? யாருய்யா இதுன்னு கேட்டா 'நான்தான், நான்தான்'னு போட்டோவக் காட்டிச் சிரிக்கறான்!"

"வந்துட்டார்!" என்றார் ஸ்பெயின்காரர் பெருமையாக.

எனக்கு விஷயம் புரியவே சற்று நேரமாயிற்று. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகள் ஓடிவந்து ஃபோனில் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினாள். மச்சான் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"பையன் ஒல்லியா இருக்கான்" என்றான். குரல் இறங்கிவிட்டது.

நான் உள்ளே ஓடி எங்கள் தட்டை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினேன். "என் தப்புதான்பா. மனசுல வெச்சுக்காத."

வாங்கிக்கொண்டான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு தடவ வந்தீங்களே" என்றான். "ரெண்டு தடவையும் கதவுக்குப் பின்னாடியேதான் நின்னுட்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தா தெறந்திருப்பேன்க்கா."