கிளெமின் இடுப்புக் கவசம்

நைங்கன் ஊருக்குப் பக்கத்துப் பண்ணைகளில் ஆயுசு பூராவும் ஆட்டு ரோமம் கத்தரித்த கிளெம் ட்ரெலோருக்கு இப்போது எலும்பில் சத்தே இல்லை. "இனி ஒரு தடவை விழுந்து இடுப்பு முறிஞ்சா வீட்டை மறந்துடுங்க, முதியோர் இல்லம்தான்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மகள் லியான், இரண்டு பக்கமும் தடித்த மெத்தை வைத்த உள்ளாடை வாங்கி வந்தாள்.

"என்னடி இது, கைக்குழந்தைக்குக் கட்டுற மாதிரி?"

"இருந்துட்டுப் போகட்டும். போடுங்கப்பா."

முனகிக்கொண்டே போட்டார். தொளதொளத்த பேன்ட்டுக்குள் எதுவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் பப்பில் பில்லியர்ட்ஸ் ஆட்டம். ஒரு பந்துகூடக் குழியில் தள்ளாமல் தோற்றவன், பேன்ட்டைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு மேசையை ஒரு சுற்று வர வேண்டும். அங்கே அதுதான் சட்டம். அந்த வெள்ளிக்கிழமை, பழைய கூட்டாளி டூலியிடம் கிளெம் அப்படித் தோற்றுத் தொலைத்தார்.

"விடுங்கப்பா, வயசான மனுஷன்" என்றாள் பீர் ஊற்றுகிறவள்.

"யாரு வயசானவன்?" கிளெமுக்குச் சுருக்கென்றது. பெல்ட்டை அவிழ்த்தார். அட மனுஷா, சும்மா இருந்திருக்கக் கூடாதா!

பேன்ட் இறங்கியதும் சிரிப்பு பாதியில் நின்றது. கேலி செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார். ஒருவரும் செய்யவில்லை. எல்லோரும் தங்கள் டம்ளரைப் பார்த்தார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு சுற்று வரும்வரை பந்துச் சத்தம்கூட இல்லை.

"போதும்டா, மாட்டிக்கோ" என்றார் டூலி மெதுவாக. அந்த இரக்கத்தைத்தான் கிளெமால் தாங்க முடியவில்லை.

மறுவாரம் கவசத்தை அலமாரியில் போட்டுவிட்டுக் கிளம்பினார். பப் வாசற்படியில் கால் இடறியது. இடுப்பெலும்பு முறிந்த சத்தம் உள்ளே இருந்தவர்களுக்கே கேட்டதாம்.

ஆஸ்பத்திரிக்கு டூலி வந்தார். கதவைச் சாத்திவிட்டு, தன் பேன்ட்டைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார். உள்ளே அதே மெத்தை, இரண்டு பக்கமும்.

"எப்போலேர்ந்துடா?"

"போன வருஷத்துலேர்ந்து."

"பாவி! அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"அத்தனை பேர் முன்னாடி எப்படிடா சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

கிளெமுக்கு அது புரியாமலா போகும்? கதவுக்கு வெளியே லியான் போனில் பேசிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் ஜன்னலோரமாக ஒரு கட்டில் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.