சூட்டில் வெளுத்த பவளம்

என் வீட்டுக்காரருக்கும் குளிருக்கும் ஜென்மப் பகை. சித்திரையிலும் குரங்குக் குல்லாயைக் கழற்றாத மனுஷன், கோத்தகிரியில் கடல் வளர்க்கிறார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, நிறைய உப்புத் தண்ணீர், நடுவில் கல்லில் ஒட்டிய பவளம். உயிருள்ள பவளம். தேயிலைக் கொழுந்தின் நிறத்தில், விரல் விரலாக அசையும். கோயம்புத்தூரிலிருந்து மகள் வாங்கி வந்து கொடுத்தாள். சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தபோது பார்த்ததுதான் அவர் பார்த்த கடல். அதனால் காலையில் எழுந்ததும் எனக்கு முன்னால் அதற்குத்தான் முகம் காட்டுவார்.

போன மார்கழியில் பனி கொட்டியது. ஒருநாள் காலையில் பார்த்தால் பவளம் வடித்த சோறாக வெளுத்துக் கிடக்கிறது. அவர் முகமும் வெளுத்துவிட்டது.

"குளிருல வெறச்சிருச்சு புள்ள" என்று தொட்டி ஹீட்டரை இன்னும் கூட்டப் போனார். எனக்கு ஏதோ தட்டியது. தண்ணீரில் விரலை வைத்தேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம் போலிருந்தது! பனிக்குப் பயந்து தினமும் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

அந்தச் சூடு என்னைப் பழைய லயத்துக்கு இழுத்துப் போனது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு எஸ்டேட்டில் வரிசையாக வீடு கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் ரொட்டி, அடுத்த வீட்டில் தேங்காய்ச் சம்பல், குழாயடியில் ஓயாத கப்பல் கதை. யாரிடமும் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. நாங்கள் நுவரெலியாக்காரர்கள், குளிர் பழக்கம். பக்கத்து வீட்டுக்கு வந்த அவர் குடும்பம் இரத்தினபுரி ரப்பர் தோட்டம். ஸ்வெட்டரைக் கண்ணால் கண்டதில்லை.

முதல் பனிக்காலத்தில் பிள்ளைகள் நடுங்குவது பொறுக்காமல், அவருடைய அம்மா சன்னல் இடுக்கெல்லாம் சாக்கைத் திணித்து, கதவை அடைத்து, கனலும் கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். விடிந்து எல்லோரும் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கிளம்பியும் அந்த வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. என் அப்பா உடைத்துத் திறந்தார். உள்ளே மூச்சுவிட முடியாத புகை. ஒவ்வொருவராகத் தூக்கி வந்து பனி படிந்த புல்லில் கிடத்தினார்கள்.

"ஐயோ, குளிருமே!" என்று நான் அழுதேன்.

"குளிரட்டும் ஆயி, காத்துப் படட்டும்" என்றார் என் அம்மா. எல்லோரும் பிழைத்தார்கள்.

தொட்டி முன்னால் நின்று, "குளிரு இல்லீங்க, சூடு. ஒங்கம்மா செஞ்சதையே நீங்களும் செஞ்சு வச்சிருக்கீங்க" என்றேன். அவர் உடனே பவளம் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிதான் அதற்கு நிறமும் சோறுமாம். சூடு தாங்காமல் அது வெளியேறிவிட்டதாம். பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சூட்டை மெல்ல மெல்ல இறக்குங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், துளித் துளியாக இரை கொடுங்கள் என்றார்.

நிழல் போடுவது எனக்குத் தெரிந்த வேலை. கவ்வாத்து வெட்டி மொட்டையாக நிற்கும் தேயிலைச் செடிமேல் வெட்டிய கிளையையே போட்டு வெயிலை மறைப்போம். பழைய வாயில் சேலை ஒன்றைக் கிழித்துத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் விரித்தேன். அவர் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பார்.

"செத்துருமா புள்ள?"

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று எரிந்து விழுவேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

மாசியில் ஒரு காலை என்னைக் கூவி அழைத்தார். பவளத்தின் ஒரு விரல் நுனியில் லேசாகப் பழுப்பு, அதற்குள் ஒரு பொட்டுப் பச்சை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொழைக்கும்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

பனிப்புல்லில் கிடந்த ஒரு பையனின் வெளுத்த உதட்டில் நிறம் திரும்பும்வரை, நகராமல் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு, டீ போடப் போனேன்.