வகுபடாத பெட்டி

தாம்பரத்தில் காலை மின்சார ரயிலுக்கு வருகிற அந்தத் தடித்த கண்ணாடிக்காரருக்கு ஒரு பழக்கம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண் பகா எண்ணாக, அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாததாக இருந்தால்தான் ஏறுவார். சட்டைப் பையில் இதற்கென்றே துண்டுச்சீட்டும் பென்சிலும் வைத்திருப்பார்.

கூட்டுத்தொகை ஒன்பது வருகிற எண்ணாகத் தேடிப்பிடித்து என் ஸ்கூட்டருக்கு வாங்கியதை ஒருநாள் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“கூட்டினா ஒன்பது வந்தா, அந்த நம்பர் ஒன்பதால வகுபடும். அவ்ளோதான் சார். படிச்சவரு நியூமராலஜியெல்லாம் நம்புறீங்களே!”

“அப்ப உங்க பகா எண்?”

“அது நம்பிக்கை இல்ல சார், கணக்கு.”

அதற்குள் ரயில் வந்தது. எங்கள் முன் நின்ற பெட்டியின் எண் 10001. நான் ஏறிவிட்டேன். அவர் பிளாட்பாரத்திலேயே நின்று ஏழால் வகுத்தார், பதினொன்றால் வகுத்தார், பதின்மூன்றால் வகுத்தார்.

“ஏறுங்க சார், ஆபீஸுக்கு லேட்டாயிடும்!” என்று கத்தினேன். தலை நிமிராமல், கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ரயில் பொறுக்கவில்லை.

மறுநாள் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுபத்து மூணால வகுபடுது சார்! நல்லவேளை, நான் ஏறல. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“சேச்சே, ஒண்ணுமில்லையே” என்றேன். ஆனால் அவர் கேட்ட அக்கறையில், குரோம்பேட்டை வருவதற்குள் மூன்று முறை நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.